குன்னூர் மலைப்பாதையும் நானும்

கோயம்புத்தூரில் எந்த ஜோலியை முடித்துக்கொண்டு புறப்பட்டாலும், மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைக் கடந்து, கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளின் நிழல் சாலைமீது விழத் தொடங்கியவுடன், காரின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை இறக்கிவிடுவது என் வழக்கம். உடன் வருகிறவர்கள் இதை மலைக்காற்று வாங்கும் ஆசை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால், மலைச்சாலையைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிந்துவிட முடியாது, காதும் மூக்கும் கூடவே விழித்திருக்க வேண்டும் என்று இளமையிலேயே பழகிப்போன ஒரு தொழில்காரனுடைய சுபாவந்தான் அதில் அதிகம். ஓவர்சியராக நெடுஞ்சாலை உத்தியோகத்தில் சேர்ந்து, பின்பு உதவிப் பொறியாளராகி, சேவைக் காலத்தின் பெரும்பகுதியை மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட இந்தப் பாதையிலேயே கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பின்பும் சமவெளிக்கு இறங்க மனமில்லாமல் குன்னூரிலேயே குடியிருந்துவிட்டவன் நான். ஆகையால் ஊருக்குத் திரும்புவது என்றால் எனக்கு இந்தச் சாலையில் ஏறுவது என்றே அர்த்தம்.

எதிரே இறங்கி வரும் பேருந்து வளைவில் தலைகாட்டுவதற்கு முன்பே, பிரேக் லைனிங் தீய்ந்த வாடை காற்றில் வந்துவிடும். வாடையின் உக்கிரத்தைக் கொண்டு, வருகிறவர் மலை பழகிய டிரைவரா, கோடை விடுமுறைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்த சமவெளிக்காரரா என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மேலே சரிவிலிருந்து கூழாங்கல் ஒன்று தனியாக உருண்டு வடிகாலில் விழும் ஓசை, குரங்கு கிளையை உலுக்கியதாலும் இருக்கலாம், மண் இளகியதாலும் இருக்கலாம்; இரண்டு ஓசைக்கும் வித்தியாசம் உண்டு. சிறுபாலத்தின் அடியில் நீர் ஓட வேண்டிய மாதத்தில் ஓசை இல்லையென்றால், வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்க்காமல் போக இன்றைக்கும் எனக்குக் கால் எழுவதில்லை. என் சம்சாரம் இதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ரயில் நிலையமோ 1,700 மீட்டருக்கும் மேலே. இந்த உயர வித்தியாசத்தை ஏறிக் கடக்கச் சாலைக்குக் கிடைத்திருப்பது சுமார் 35 கிலோமீட்டர் நீளமும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுந்தான்; அதிலும் கல்லாறு வரையிலான பகுதி ஏறக்குறையச் சமதரையாகவே போய்விடுவதால், ஏற்றத்தின் பாரம் முழுவதும் மிச்சமுள்ள தூரத்தின் தலையில் விழுகிறது. ஒருபுறம் பாறைச் சரிவு, மறுபுறம் குன்னூர் ஆறு இறங்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு; அதே பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு, பற்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்வி ஏறுகிற மலை ரயில், ஹில்குரோவ், ரன்னிமேடு என்று காட்டுக்குள் நிலையங்களை வைத்துக்கொண்டு கூடவே வருகிறது. முன்பு 67 என்று இருந்த தேசிய நெடுஞ்சாலை எண் இப்போது 181 ஆகியிருக்கிறது. எண் மாறியது, வளைவுகள் மாறவில்லை.

இந்த வழியை முதலில் கண்டவர்கள் வேறொரு வழியைத்தான் போட்டார்கள். நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் 1820களில் ஏறிய தொடக்கப் பாதை கோத்தகிரிப் பக்கம் இருந்தது. 1830களின் ஆரம்பத்தில், சென்னை ராணுவத்தின் பயனியர் படையினரைக் கொண்டு குன்னூர்ப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு கணவாய்ப் பாதை வெட்டப்பட்டது. அது செங்குத்தானது, சுமை வண்டிகளுக்குத் தோதுப்படவில்லை. சரிவைக் குறைத்து, வளைவுகளைப் பெருக்கி, இன்றைய சாலைக்கு அஸ்திவாரமான பாதை அமைக்கப்பட்டது 1870களையொட்டி. அந்த வேலையை மேற்பார்வை செய்த லா என்னும் ராணுவப் பொறியாளரின் பெயரைத்தான், குன்னூர் ஆறும் காட்டேரி ஆறும் கூடும் இடத்திலுள்ள லாஸ் நீர்வீழ்ச்சி இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. 1899இல் மலை ரயில் குன்னூரை எட்டும் வரையில், மட்டக்குதிரை பூட்டிய டோங்கா வண்டிகளும் மாட்டு வண்டிகளுமே இதில் ஏறி இறங்கின. மாட்டின் மூச்சையும் குதிரையின் காலையும் மனத்தில் வைத்து வகுத்த சரிவாகையால்தான், இன்றைக்கு ஐம்பது பேரை ஏற்றிய பேருந்தும் அதில் திணறாமல் ஏறிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அந்த மனிதரின் கையில் இருந்தவை ஒரு தியோடலைட்டும், சரிவு பார்க்கும் சின்னக் கருவியும், காட்டை வெட்டி வழி காட்டிய மலைவாசிகளின் காலடி ஞானமும் என்று நினைக்கும்போது, தொழில்காரனுக்குத் தொழில்காரன் வைக்கும் மரியாதையை அவருக்கு வைக்காமல் இருக்க முடிவதில்லை.

மலைச்சாலைக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. இருபது மீட்டர் முன்னே சென்றால் ஒரு மீட்டர் மேலே ஏறலாம் என்பது பொதுவான சரிவு. கொண்டை ஊசி வளைவுக்குள் அந்தச் சலுகை கிடையாது. அங்கே நாற்பதுக்கு ஒன்று என்று ஏற்றத்தைத் தணித்துவிட வேண்டும். திரும்புகிற வண்டி ஏற்றத்தோடும் மல்லுக்கட்டினால் பின்சக்கரம் வழுக்கும். வளைவின் உள்வட்ட ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கே அதை வகுக்கிறோம். புத்தகத்தில் இவ்வளவுதான். ஆனால், நீளமான பேருந்து ஒன்று வளைவைச் சுற்றும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை. அது உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். அதனால், எந்த வளைவிலும் முதலில் நொறுங்குவது உட்பக்கத்து ஓரந்தான். ஓரத்தில் தார் உடைந்து, ஜல்லி தெரிந்து, அடுத்த மழையில் மண்ணும் கரைந்து போனால், அந்தப் பள்ளத்துக்குப் பயந்து டிரைவர் வண்டியை வெளிப்பக்கம் அணைப்பார். வெளிப்பக்கம் எதிர்வண்டி வரும். ஒரு முழம் அகலத்து ஓரத்தைப் பூசாமல் விட்டதன் பலன் இப்படியெல்லாம் கிளை விடும்.

இறங்குகிற பக்கத்தில் வேறொரு சங்கடம். வளைவுக்குச் சற்று முன்பாக எல்லா வண்டிகளும் பிரேக்கை மிதிக்கிற இடம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் தார் இளகியிருக்கும்போது, சுமை வண்டிகளின் சக்கரங்கள் அதை முன்னே தள்ளித் தள்ளி, சாலையின்மேல் அலை அலையாக வரிகளை எழுப்பிவிடும். குன்னூருக்கு வந்து சேருகிற பிரயாணிகள் அந்த இடத்தில் தங்கள் பல் அடித்துக்கொள்வதை மட்டும் உணர்வார்கள். அந்த வரியின் உயரத்தை வைத்து, எத்தனை டிரைவர்கள் கியரில் இறங்குகிறார்கள், எத்தனை பேர் பிரேக்கிலேயே இறங்குகிறார்கள் என்று நாங்கள் கணித்துவிடுவோம். முன்காலத்துச் சேரன் போக்குவரத்துக் கழக டிரைவர்கள், ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்ற விதியை வேத வாக்காகக் கொண்டவர்கள். எஞ்சினின் முனகலைக் கேட்டுக்கொண்டே, பிரேக்கின்மேல் காலைச் சும்மா வைத்திருந்து அவர்கள் இறங்குகிற அழகை, வேலையை நிறுத்திவிட்டு நின்று பார்த்திருக்கிறேன்.

தார் போடுவதும் மலையில் ஒரு கலை. சமவெளியில் 150 டிகிரிக்கு மேல் சூடாகக் கலந்த தார் ஜல்லியைத் தார்ப்பாய் போர்த்தி லாரியில் மேலே கொண்டுவந்தால், வழியிலுள்ள மரப்பாலம் என்னும் இடத்தைத் தாண்டுவதற்குள் குளிர்காற்று அதன் சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும். 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் தன் வேலையை முடித்தாக வேண்டும். முடியாவிட்டால், மேலே பளபளப்பும் உள்ளே பொக்குமாக ஒரு சாலை கிடைக்கும், அடுத்த மழை அதைத் தோலுரித்துவிடும். ஆகவே, பனி விலகிய பின்பு தொடங்கி, மூடுபனி இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற நிர்ப்பந்தத்தில், தை பிறந்து சித்திரை முடிவதற்குள் எங்கள் தார் வேலைகள் எல்லாம் அடங்கிவிடும். அந்த மாதங்களின் கடைசியிலேயே ஊட்டியின் சீசனும் தொடங்கிவிடும். மலர்க் கண்காட்சிக்கு ஜனங்கள் திரளும் நாட்களில், ஏறுகிற வண்டிகளை எங்கள் பாதையிலும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரிப் பாதையிலுமாகப் பிரித்து விடுவார்கள். அப்போதுதான் ஒரு பக்கமாவது சாலை எங்கள் கைக்குச் சற்றுக் கிடைக்கும்.

பர்லியாறு வந்துவிட்டால் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. ரேடியேட்டர் கொதித்து நின்ற பழைய பேருந்துகளுக்கு அது தண்ணீர்த் துறையாக இருந்தது. இப்போது தேநீருக்கும் பழத்துக்குமான இடம். 1871இல் ஏற்பட்ட அரசுத் தோட்டக்கலைப் பண்ணையும், கீழே கல்லாற்றில் 1900இல் ஏற்பட்ட பண்ணையும் இந்தப் பக்கத்துக்கு மங்குஸ்தானையும் துரியனையும் அறிமுகப்படுத்தின. ஆனி ஆடி மாதங்களில், குழந்தை இல்லாதவர்கள் துரியன் பழத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வைத்தியத்தைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்ல மாட்டேன், வாசனையைப் பற்றி மட்டும் சொல்லாமல் இருப்பது உத்தமம். அதே பருவத்தில் பலாவும் பழுக்கும். பலா பழுத்தால் யானை வரும். கல்லாற்றுப் பக்கம் யானைகளின் வழி சாலையைக் குறுக்கே கடக்கிறது என்பதால், தடுப்புச் சுவர் கட்டும்போது எங்கே இடைவெளி விடுவது என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, சாணத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். யானைச் சாணத்திலிருந்து பலாக்கன்று முளைத்து வடிகாலின் ஓரத்தில் செழிப்பாக நிற்கும். வடிகாலுக்குள் வேர் போய்விடும் என்பதால் அதைப் பிடுங்கியாக வேண்டும். பிடுங்குகிறவர்களுக்கு மனம் வராது, பக்கத்துச் சரிவில் நட்டுவிட்டு வருவார்கள். பர்லியாற்றுக்கு மேலே அப்படி நட்ட பலாக்கள் சில இப்போது காய்த்துக்கொண்டிருக்கின்றன.

இனி, எங்கள் தொழிலின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். சாலை என்றால் ஜனங்கள் தாரை நினைக்கிறார்கள். நானும் பொறியியல் டிப்ளோமாவோடு வந்து சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலையில் சாலை என்பது, வானத்திலிருந்து விழுகிற நீருக்கும் கீழே ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய நீருக்கும் குறுக்கே நாம் வெட்டிய ஒரு படி என்பதை எனக்குக் கற்பித்தவர், எங்கள் கேங்கின் மேஸ்திரி. கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியவர்களில் ஒருவராகக் குடும்பத்தோடு நீலகிரிக்கு வந்தவர். தோட்டத்தில் கான் என்னும் வடிகால் வெட்டிப் பழகிய கை. அவர் கையெழுத்துப் போடக் கற்றது எங்களிடந்தான். மற்றவை எல்லாவற்றையும் நாங்கள் அவரிடம் கற்றோம்.

குன்னூர், கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி பிறப்பதற்குள் வடிகால்களையும் சிறுபாலங்களையும் திறந்துவைத்துவிட வேண்டும். அப்படி ஒரு புரட்டாசியில், நான் சாலையோரம் நின்று சிறுபாலம் ஒன்றின் கீழ்வாயைப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதப்போனேன். மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "ஐயா, கீழ வாய் எப்பவும் தொறந்துதான் இருக்கும். அடைக்கிறது மேல வாய்ல. ஒரு தரம் ஏறிப் பாத்துட்டு எழுதுங்க."

ஏறிப் பார்த்தோம். ஓடை வந்து சேரும் இடத்தில், மண் படிவதற்கென்று கட்டிய தொட்டி, மேடு தட்டிப் புல் முளைத்துக் கிடந்தது. மூங்கில் இலையும் சருகும் படிந்து, அதன்மேல் செம்மண் குழம்பாக இறங்கிக் காய்ந்து, சிமெண்டு பூசியதுபோல இறுகியிருந்தது. கடப்பாரையால் மேல் ஓட்டை உடைத்தார்கள். உள்ளே ஒரு மரக்கிளை குறுக்கே சிக்கியிருந்தது. எல்லாக் குப்பையும் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்திருந்தது. மேஸ்திரி கிளையை இழுக்கவில்லை. முதலில் சுற்றியிருந்த மண்ணைச் சட்டி சட்டியாக வெளியே எடுத்துக் கீழ்ப்புறச் சரிவில் கொட்டவிடாமல், சாலைக்கு அப்பால் தட்டையான ஓர் இடத்துக்குச் சுமக்கச் செய்தார். ஓரத்தில் கொட்டினால் முதல் மழையில் அது அடுத்த வளைவின் சிறுபாலத்துக்குப் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. பிறகு, இளைஞன் ஒருவனைக் கூப்பிட்டு, "தம்பி, இப்ப இழு" என்றார். கிளை வந்தது. தேங்கியிருந்த கொஞ்சநஞ்ச நீர் சளசளவென்று குழாய்க்குள் இறங்கி, கீழே போய் வெளிச்சத்தில் விழுந்த ஓசை கேட்டது. அதன் பிறகுதான் அவர் பீடியைப் பற்றவைத்தார்.

அந்தச் சிறுபாலம் அடைபட்டிருந்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: ஓடை நீர் சாலைமேல் ஏறும், சரிவைப் பார்த்துச் சாலை வழியாகவே ஓடி, சுவர் தாழ்ந்த இடமாகப் பார்த்துக் கீழே பாயும், பாயும் இடத்தில் சுவரின் அடியை அரித்து, ஓரிரு மணி நேரத்தில் பாதிச் சாலையைக் கொண்டுபோகும். மறுநாள் பத்திரிகையில் மழையால் சாலை துண்டிப்பு என்று வரும்.

நீலகிரி மண்ணின் இயல்பு அப்படி. மேலே தோன்றுகிற பாறையை நம்பி இதைக் கல்மலை என்று எண்ணிவிடக் கூடாது. சார்னோகைட் என்று சொல்லப்படும் கரும்பாறை லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் சிதைந்து, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகியிருக்கிறது. அந்த மண்ணுக்குள்ளே சிதையாத உருண்டைப் பாறைகள் ஆங்காங்கே புதைந்திருக்கின்றன. நாள்கணக்கில் மழை பெய்து மண் குடிக்கும் அளவு குடித்த பின்பு, ஒரே இரவில் பெருமழை வந்தால், மண்ணும் பாறையும் மரமுமாக இறங்கிவிடும். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் அப்படித்தான் மலை இறங்கியது. சாலையையும் இருப்புப்பாதையையும் ஒருசேர அடித்துக்கொண்டு போன அந்தச் சரிவில் பலர் மாண்டனர். சாலை இருந்த இடம் எது, ஓடை இருந்த இடம் எது என்று, தினமும் நடந்த எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றைய காட்சிகளை விவரிக்க இப்போதும் எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கும் மரப்பாலம் வந்தால் நான் வானொலியை அணைத்துவிடுகிறேன். யாரும் காரணம் கேட்பதில்லை.

சரிந்த மண்ணை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. அவசரக்காரர்கள் முதலில் அடிவாரத்தில் பொக்லைனை வைத்துத் தோண்டுவார்கள். தாங்கிநிற்கும் காலை வெட்டினால் மேலே தொங்குகிற மண் அத்தனையும் இறங்கி, தோண்டுகிறவரையே மூடும். ஆகவே, முதலில் மேலே ஏறி, சரிவின் தலைப்பகுதியில் வந்து விழுகிற நீரை வேறு பக்கம் திருப்பி வெட்டிவிட வேண்டும். அடுத்ததாக, கண் கூர்மையான ஒருவரை விசில் கொடுத்து எதிர்ப்புறத்தில் நிறுத்த வேண்டும். அவருக்கு வேறு வேலை எதுவும் கிடையாது. நேராக நின்ற மரம் சாய்கிறதா, தலைப்பகுதியில் வெடிப்பு அகலமாகிறதா, தெளிந்து வந்த ஊற்று கலங்குகிறதா, அல்லது திடீரென்று நின்றுபோகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. கலங்கிய ஊற்றைவிட நின்றுபோன ஊற்றுக்கு நாங்கள் அதிகம் பயப்படுவோம். நீர் எங்கோ உள்ளே தேங்குகிறது என்று அதற்குப் பொருள். பெரிய பாறையாக இருந்தால் துளைபோட்டு, ஆப்பு வைத்துச் சம்மட்டியால் பிளப்பது ஒரு வழி. சிறு வெடி வைப்பது மற்றொரு வழி. மேலே மண் இளகியிருக்கும்போது வெடிச் சத்தம் ஆகாது என்பதால், பெரும்பாலும் ஆப்புத்தான்.

இவ்வளவும் நடக்கிறபோது இரண்டு பக்கமும் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். ஒருமுறை, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வண்டியிலிருந்து இறங்கிவந்த ஒரு பெரியவர், முகூர்த்தம் தவறிவிடும், ஒரே ஒரு வண்டி போகிற அளவுக்கு வழிவிட்டால் என்ன என்று மேஸ்திரியிடம் மன்றாடினார். மேஸ்திரி தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "விடறதுக்கு நான் யாருங்க சாமி? மேல நிக்கிற பாறைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். பெரியவர் மேலே பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் பேசாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் என்னவாயிற்று என்பதை நான் அறியேன்.

2009 நவம்பர் 10ஆம் தேதியன்று, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த மழையில் மாவட்டம் முழுவதும் சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவ்வளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது என்று சொல்லிவிடுவது சுலபம், அது உண்மையுங்கூட. ஆனால், அந்த மழைக்குப் பின்பு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது, எந்தச் சுவர் நின்றது, எந்தச் சுவர் விழுந்தது என்று நான் எனக்காக ஒரு குறிப்பு எழுதிவைத்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் சுண்ணாம்புகூடச் சேர்க்காமல் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கிய வறட்டுச் சுவர்கள் பல, பாசி பிடித்த முகத்தோடு அப்படியே நின்றன. அவற்றின் இடுக்குகள் அத்தனையும் நீருக்கு வாசல். பின்னாளில் எழுந்த கான்கிரீட் சுவர்களில், நீர் கசிந்து வெளியேற விட்ட துளைகள் மண்ணடைத்துப் போயிருந்த இடங்களிலெல்லாம் சுவர் வயிறு தள்ளி வெடித்திருந்தது. கான்கிரீட்டின்மேல் எனக்குப் பகை கிடையாது. துளையின் பின்னால் ஜல்லியும் மணலும் வடிகட்டியாக நிரப்பி, வருஷா வருஷம் ஒரு கம்பியைவிட்டுக் குத்திப் பார்க்க ஆள் இருந்தால், கான்கிரீட்டும் நிற்கும். ஆள் இருப்பதுதான் கேள்வி.

இப்போது சாலை அகலமாகியிருக்கிறது. வளைவுகளில் குவிகண்ணாடி, ஒளிரும் பலகை, இரும்புத் தடுப்பு எல்லாம் வந்துவிட்டன. சரிவு விழுந்தால் ஜேசிபி ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது; எங்கள் காலத்தில் அரை நாள் சம்மட்டி அடித்த வேலையை அது பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. முன்னேற்றத்தைக் குறை சொல்கிற கிழவர்களின் கூட்டத்தில் நான் சேர விரும்பவில்லை. ஆயினும், யந்திரம் விழுந்ததை எடுக்கும், விழப்போவதைப் பார்க்காது. கையில் மண்வெட்டியோடு, தோளில் கோணிச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மழைக்கு நடுவே தன் எல்லைக்குள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துபோகிற மனிதனுடைய வேலைக்கு மாற்று ஒன்றும் இதுவரை எனக்குத் தென்படவில்லை. எந்த மலைச்சாலையானாலும், அதில் நடக்கிற ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற பணம், ஒரே ஐப்பசியில் இரட்டிப்பாகச் செலவாகிவிடும் என்பது என் அனுபவத்தில் கண்ட தீர்ப்பு. மேஸ்திரி இன்று இல்லை. அவருடைய பேரன் கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வரும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போவான்.

காட்டேரியைத் தாண்டினால் பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் பக்காசுர மலை முழுவதுமாகத் தெரியும். மழைக்காலத்தில் சரிவுகளில் எல்லாம் வெள்ளிக் கம்பிகளாக நீர் தொங்கும். பிரயாணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கட்டும், அவ்வளவு அழகு வேறெங்கே கிடைக்கும்? நானும் நின்று பார்ப்பதுண்டு. வெள்ளையாக விழுகிற நீரைப் பார்த்து மகிழ்ந்துகொண்டே, அவற்றுள் ஏதாவது ஒன்று செந்நிறமாக இருக்கிறதா என்று என் கண் தானாகத் தேடிவிடும். செந்நிறமாக இருந்தால் அங்கே மண் அறுபடுகிறது என்று அர்த்தம். கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஓய்வு பெற்றவன் பேச்சு என்று அவர்கள் அலட்சியம் செய்வதில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

இந்தப் பாதையில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் கடைசியில், இதே மரப்பாலத்துக்கு அருகே சுற்றுலாப் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். வந்த வழி உங்களுக்குப் புதிது என்றால் இருட்டிய பின்பு இறங்காதீர்கள். இறங்கும்போது, ஏறி வந்த கியரைவிட உயர்ந்த கியருக்கு மாறாதீர்கள். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள், சுமையோடு ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டி மறுபடி புறப்படுவது கஷ்டம் என்பதால்தான் சட்டமே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. குடித்துவிட்டுக் காலி பாட்டிலைச் சன்னல் வழியாக எறியாதீர்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் எறிகிற பாட்டில் பள்ளத்தாக்கில் விழுந்து மறைந்துவிடுவதில்லை, வடிகாலில் விழுந்து, உருண்டு உருண்டு, சிறுபாலத்தின் மேல்வாயில் ஏதாவது ஒரு கிளையோடு போய்ச் சிக்கிக்கொள்கிறது. அதைக் கையைவிட்டு எடுக்க, மழைக்கு முன்பு ஒருவர் அங்கே ஏறியாக வேண்டும். பாட்டிலை வண்டியிலேயே வைத்திருந்து, குன்னூருக்கு வந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள்.